மண்டபத்து வெளிச்சம்: ஆயில் பெயின்டிங் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு

பெரிய மண்டபம் ஒன்றை ஆயில் பெயின்டிங்காக வரைய உட்காருகிறவர்களில் பெரும்பாலானோர் தூண்களைத்தான் வரைகிறார்கள். சிற்பம் வந்துவிடும், தூண் உச்சியில் கூரையைத் தாங்கும் போதிகை வந்துவிடும், நிலைவாசலின் கொத்துவேலைகூட வந்துவிடும். மண்டபம் மட்டும் வராது. உள்ளே நின்று பார்க்கும்போது நம் கண்ணில் படுவதில் முக்கால்வாசி இருட்டு. மீதியில் பெரும்பகுதி அரை இருட்டு. வெளிச்சம் என்று சொல்லத் தக்கது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை எங்கே வைப்பது, அதற்காக மற்ற இடங்களை எவ்வளவு அடக்குவது என்பதில்தான் படம் நிற்கும். தூணைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

குமரி மாவட்டத்தில் இருப்பவர்கள் இதைப் பழக எங்கும் அலைய வேண்டாம். தக்கலைக்குப் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசிவரை திருவிதாங்கூரின் தலைநகரம் அதுதான். 1956இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டாலும் அரண்மனை இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் கையில்தான் இருக்கிறது. சுசீந்திரம் கோயிலின் சுற்றுப் பிரகாரத்தில் நீண்டு போகும் பாவைவிளக்குத் தூண்களும் (விளக்கேந்திய பெண் சிற்பம் செதுக்கியவை) அருமையான பாடம். ஆனால் கோயிலுக்குள் கேமராவை எடுக்க முடியாது. மனதில் ஏற்றிக்கொண்டு வந்து வெளியே உட்கார்ந்துதான் கோடு போட வேண்டும். அதனால் முதல் படத்துக்கு அரண்மனையையே சொல்வேன்.

அரண்மனைக்குள்ளும் எல்லோருக்கும் கண் போவது அரசரின் ஆலோசனைக் கூடமான மந்திரசாலையின் மேல். அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மரச்சட்டங்களின் இடுக்கு வழியே வடிந்து வரும் அந்த வெளிச்சம் அழகுதான். ஆனால் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு வெளிச்ச ஓரம், ஒரு இருட்டு ஓரம் என்று எண்ணி மாளாது. நவராத்திரி மண்டபத்துக்குப் போங்கள். கல்தூண்கள், கல்கூரை, முகம் தெரியும் கறுப்புத் தரை. பெரிய பெரிய வடிவங்கள், குறைந்த நிறங்கள். புதிதாகப் பழகுகிறவருக்கு அதுதான் தோது.

எந்த நேரம், எந்த மாதம்

அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. உள்ளே ஈசல் (படம் தாங்கும் சட்டம்), டர்பன்டைன் எல்லாம் கொண்டுபோகும் நினைப்பே வேண்டாம்; நோட்டும் பென்சிலும் போனும் போதும். படம் எடுக்க என்ன விதி என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

போனதும் உடனே படம் எடுக்காமல் ஒரு மூலையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் எல்லாமே ஒரே கறுப்பாகத் தெரியும். சில நிமிடம் போனால் தூணுக்குப் பின்னால் தூண் தெரியத் தொடங்கும், கூரையின் கல் இணைப்புகூடத் தெரியும். நீங்கள் வரையப் போவது இந்தப் பழகிய கண் பார்க்கும் மண்டபத்தை.

நம் ஊருக்கு உச்சிவெயில் சரிப்படாது. சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போது வெளிச்சம் வாசற்படியோடு நின்றுவிடும். அரண்மனை திறந்த பின் காலையில் முதல் ஒன்றிரண்டு மணி நேரமும், மாலையில் மூடுவதற்கு முந்தைய நேரமும்தான் வெயில் சாய்ந்து உள்ளே நீளும். இதில் இன்னொன்றும் உண்டு. குமரி கிட்டத்தட்ட 8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் சித்திரை பிறக்கும் சமயத்திலிருந்து ஆவணி நடுவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. தை மாதம் தெற்கு வாசல் வழியாக விழுந்த வெயில் திட்டை வைகாசியில் அதே இடத்தில் தேடினால் கிடைக்காது. ஆகவே ஒரு படத்துக்கான குறிப்புகளை ஒரே பருவத்தில், முடிந்தால் அடுத்தடுத்த நாட்களில், ஒரே நேரத்தில் எடுத்துவிடுங்கள். இரண்டு நேரத்து நிழல்கள் ஒரே தரையில் விழுந்தால், என்ன தப்பு என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. ஏதோ இடிக்கிறது என்று மட்டும் தெரியும்.

குறிப்பெடுப்பது

போனில் அகலக்கோண லென்ஸ் வேண்டாம். ஓரத்துத் தூண்கள் வீங்கிச் சாய்ந்துவிடும். சாதாரண லென்ஸில், முடிந்தவரை பின்னால் தள்ளி நின்று, போனை மேலே கீழே சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்து எடுங்கள். ஒரே காட்சியை இரண்டு விதமாக எடுக்க வேண்டும்: திரையில் இருட்டுப் பகுதியைத் தொட்டு ஒன்று, வெளிச்ச வாசலைத் தொட்டு ஒன்று. முதலாவதில் வாசல் வெள்ளையாக வெந்துபோயிருக்கும், இரண்டாவதில் மண்டபம் கரியாக இருக்கும். இரண்டும் பொய், இரண்டுக்கும் நடுவில் உண்மை எங்கே என்று சொல்ல உங்கள் நோட்டு வேண்டும். "இடப்புற மூன்றாம் தூணும் கூரையும் ஒரே இருட்டு", "வாசலுக்கு வெளியே முற்றம் வெளிர் மஞ்சள், தரைத் திட்டு அதைவிட ஒரு படி கம்மி" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

17ஆம் நூற்றாண்டில் தேவாலய உட்புறங்களை மட்டுமே பெரும்பாலும் வரைந்த டச்சு ஓவியர் பீட்டர் சான்ரெடாம், இடத்திலேயே அளந்து கோட்டோவியம் எடுத்துக்கொண்டு, சில படங்களைப் பல வருடம் கழித்துத்தான் பெயின்டில் முடித்தார். நல்ல குறிப்பு அவ்வளவு காலம் தாங்கும்.

எங்கே உட்காருவது என்பதும் இப்போதே முடிவாக வேண்டும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கண்மட்டம் இரண்டரை, மூன்று அடிக்கு இறங்கிவிடும். தூண்கள் எல்லாம் தலைக்கு மேல் ஓங்கும், மண்டபம் பெரிதாகும். நின்றுகொண்டு பார்த்தால் தரை அதிகம் தெரியும், கூரை குறையும். கறுப்புத் தரையின் பளபளப்புக்காக வரைகிறீர்கள் என்றால் நில்லுங்கள்; கம்பீரம் வேண்டும் என்றால் உட்காருங்கள்.

ஐந்து டோன்

வீட்டுக்கு வந்ததும் கேன்வாஸைத் தொடக்கூடாது. தபால் அட்டை அளவில் நாலைந்து சின்னப் படங்கள், கரித்துண்டிலோ மெல்லிய கறுப்பு மசியிலோ போடுங்கள். மொத்தமே ஐந்து டோன்தான்: கடும் இருட்டு, இருட்டு, நடு, வெளிர், வெள்ளை. இதில் கடும் இருட்டும் இருட்டும் சேர்ந்து படத்தில் பாதிக்கு மேல் பிடிக்கட்டும். வெள்ளை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கட்டும். சின்ன அட்டையில் தூர நின்று பார்க்கும்போதே வெளிச்சம் அடித்தால் படம் ஜெயித்த மாதிரி. அடிக்கவில்லை என்றால் பெரிய கேன்வாஸில் எவ்வளவு நுணுக்கம் சேர்த்தாலும் அடிக்காது.

எதற்கு இந்தக் கஞ்சத்தனம் என்றால், உண்மையான வெயிலுக்கும் மண்டபத்து மூலை இருட்டுக்கும் உள்ள வித்தியாசம் டியூபில் இருக்கும் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பல மடங்கு. அத்தனையையும் நம் சின்ன எல்லைக்குள் மடக்க வேண்டும். தூணின் பக்கவாட்டுப் பளபளப்புக்கும் பாவைவிளக்கின் மூக்குக்கும் வெள்ளையைச் செலவழித்துவிட்டால், வெயில் திட்டுக்கு வைக்க ஒன்றும் மிஞ்சாது.

ரோமில் உள்ள பழங்காலக் கோயிலான பந்தேயோனின் உட்புறத்தை 1730களில் இத்தாலிய ஓவியர் ஜொவான்னி பாவ்லோ பானினி வரைந்த படங்களைத் தேடிப் பாருங்கள். கூரை நடுவே திறந்த வட்டம், அதன் வழியே வந்த வெயில் சுவரில் ஒரு திட்டாக விழுந்திருக்கும். அந்தத் திட்டைத் தவிர மற்றதெல்லாம் நடு டோனும் இருட்டும்தான். இன்னொரு தந்திரமும் அதில் உண்டு: எந்த ஓரிடத்தில் நின்றாலும் ஒரே பார்வையில் தெரியாத அளவு அகலத்தை அவர் படத்துக்குள் இழுத்துப் போட்டிருக்கிறார். கட்டடம் வரைகிறவர் கொத்தனாருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. இடைஞ்சலாக ஒரு தூண் இருந்தால் நகர்த்துங்கள்.

தூண் வரிசைக்குக் கோடு

முதல் படத்துக்கு 18க்கு 24 அங்குலக் கேன்வாஸ் போதும். கண்மட்டக் கோட்டை முதலில் போட்டு, அதில் மறைபுள்ளியை, அதாவது தூரம் போகும் கோடுகள் எல்லாம் ஒன்றுசேர்வதாகத் தெரியும் இடத்தை, குறியுங்கள். மண்டபத்தின் நீளவாட்டத்தை நேராகப் பார்க்கிற காட்சி என்றால் ஒரே மறைபுள்ளிதான். அந்த இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்தி நூல் கட்டி, கரித்தூள் தடவி, இழுத்துப் பிடித்துச் சுண்டினால் தரைக்கோடு, கூரைக்கோடு எல்லாம் வந்துவிடும். மரவேலை ஆசாரிகள் பலகையில் நூல் அடிக்கிறார்களே, அதே வேலை. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த படங்கள் சிலவற்றில் மறைபுள்ளி இருக்கும் இடத்தில் ஊசித்துளை இன்றும் இருக்கிறது.

தூண்களின் இடைவெளி தூரம் போகப் போக எவ்வளவு குறையும் என்பதில் எல்லோரும் தடுமாறுவார்கள். கணக்கே வேண்டாம். முதல் இரண்டு தூண்களைக் கண்ணால் பார்த்து வையுங்கள். இரண்டாம் தூணின் உயரத்தில் சரிபாதியைக் குறியுங்கள். முதல் தூணின் உச்சியிலிருந்து அந்தப் பாதிப் புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால், அது தூண்களின் அடிக்கோட்டை எங்கே தொடுகிறதோ அங்கேதான் மூன்றாம் தூண். அப்புறம் இரண்டாம் தூணின் உச்சியிலிருந்து மூன்றாவதன் பாதி வழியாக. இப்படியே போகலாம்.

சாமான்

நிறங்கள் அதிகம் வாங்காதீர்கள். டைட்டானியம் ஒயிட், எல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், அல்ட்ராமரைன் புளூ. இவ்வளவுதான். கறுப்பு டியூப் வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் ஆழமான இருட்டு கிடைக்கும், அதைக் குளிர்ச்சியாகவும் சூடாகவும் சாய்க்கலாம். டியூப் கறுப்பில் வரைந்த மண்டபம் புகை பிடித்த அடுக்களைச் சுவர் மாதிரிதான் இருக்கும். பன்றிமுடி பிரஷ் பெரிது இரண்டு, நடுத்தரம் இரண்டு, மெல்லியது ஒன்று, மென்மையான அகலப் பிரஷ் ஒன்று. கடையில் கிடைக்கும் ரெடிமேட் கேன்வாஸ் எண்ணெயை அதிகம் உறிஞ்சும். மேலே இன்னொரு பூச்சு ஜெஸ்ஸோ (கேன்வாஸுக்கான வெள்ளை அடிப்பூச்சு) அடித்துக் காயவிடுங்கள். மெலிவாக்க ஓவியர்களுக்கான டர்பன்டைன் வாங்குங்கள். மண்ணெண்ணெய் கூடவே கூடாது.

ஒரு எச்சரிக்கை. ஆயில் பெயின்டில் சேரும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் குவித்து வைக்காதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவிடும். குவியலுக்குள் சூடு ஏறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

முதல் பூச்சு

ரா அம்பரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துக் கேன்வாஸ் முழுக்கத் தடவுங்கள். வெள்ளைக் கேன்வாஸ் மறைந்து நடு டோன் வந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே துணியால் வெயில் விழும் இடங்களைத் துடைத்தெடுங்கள். இருட்டு இடங்களில் அதே அம்பரைக் கெட்டியாக ஏற்றுங்கள். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும். ஓரிரு நாளில் அடுத்த பூச்சுக்கு இறங்கலாம். இந்த நிலையிலேயே உங்கள் தபால் அட்டைப் படம் பெரிதாகத் தெரிய வேண்டும்.

அடுத்த பூச்சில் நிறம். பெரிய பிரஷ்ஷால் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வாருங்கள். இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்: தூரத்துத் தூணின் இருட்டும் பக்கத்துத் தூணின் இருட்டும் ஒன்றல்ல. நடுவில் இருக்கும் தூசியும் ஈரமும் வெளிச்சம் வாங்கி, தூரத்து இருட்டைக் கொஞ்சம் வெளிறச் செய்யும். ஆகவே மிகக் கடும் இருட்டை உங்களுக்கு மிக அருகில் உள்ள ஒன்றிரண்டு தூண்களுக்கு மட்டும் கொடுங்கள். பின்னால் போகப் போக இருட்டை வெளிறவிட்டு, வெளிச்சத்தை மங்கவிட்டு, இரண்டையும் நெருங்க விடுங்கள். ஓரங்களையும் அப்படியே மழுக்குங்கள். வெளிச்ச வாசலை ஒட்டி நிற்கும் தூணின் விளிம்பு அந்த வெளிச்சத்தில் கரைந்துபோகும். அங்கே கூர்மையாகக் கோடு போட்டால் தூணை வெட்டி ஒட்டியது போலிருக்கும்.

கூரையை ஒரே இருட்டாக அடித்துவிடாதீர்கள். நம் பக்கத்துக் கட்டடங்களில் வெளிச்சம் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்து ஏறுவதே அதிகம். வெளி முற்றத்து மணலிலும் கல்லிலும் விழும் வெயில் திரும்பித் தெறித்து, கூரையின் அடிப்பக்கத்தையும் போதிகையின் கீழ் விளிம்பையும் லேசாகச் சூடேற்றும். எல்லோ ஆக்கரும் சியன்னாவும் கலந்த ஒரு மங்கிய சாயலை அங்கே கொடுத்துப் பாருங்கள், கல் கனமாகிவிடும். வானத்து வெளிச்சம் மட்டும் படும் தூண் பக்கங்கள் இதற்கு நேர்மாறாகச் சாம்பல் நீலமாக இருக்கும்.

கறுப்புத் தரை

இந்த அரண்மனையின் தரைக்குச் சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்தார்கள் என்று சொல்வார்கள். ஓவியருக்கு அது ஒரு மங்கலான கண்ணாடி. புதியவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தரையில் இரண்டு வகை வெளிச்சம் இருக்கிறது. ஒன்று, வாசல் வழியே உள்ளே வந்து விழுந்த வெயில் திட்டு. இது தரைமேல் கிடக்கிறது. நீங்கள் எங்கே நகர்ந்தாலும் அது அங்கேயே கிடக்கும். சூரியன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கு ஏற்பச் சாய்வாக நீளும். இன்னொன்று, வாசலின் பிம்பம். இது நீங்கள் நகர்ந்தால் கூடவே நகரும், எப்போதும் அந்த வாசலுக்கு நேர் கீழே, உங்களை நோக்கிச் செங்குத்தாக இறங்கும். இரண்டையும் குழப்பி ஒரே திசையில் சாய்த்து வரைந்தால் தரை கெட்டது. நேரில் இருக்கும்போது ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்து பாருங்கள். எது பிம்பம், எது வெயில் என்று அந்த நொடியே தெரிந்துவிடும்.

பிம்பத்தில் வெளிச்சமானது கொஞ்சம் மங்கும், இருட்டானது கொஞ்சம் வெளிறும். தூணின் அடியில் பிம்பம் தெளிவாகத் தொடங்கி, கீழே வர வரக் கலங்கும். இதை வரைய, தரை ஈரமாக இருக்கும்போதே பிம்பத்தைச் செங்குத்தாக இழுத்துவிட்டு, காய்ந்த அகலப் பிரஷ்ஷால் படுக்கைவாட்டில் மெல்ல ஒருமுறை வருடுங்கள். ஒருமுறைதான். வருட வருடச் சேறாகும்.

வெளிச்சக் கற்றை

வாசலிலிருந்து சாய்வாக இறங்கும் வெளிச்சக் கற்றையைப் போடாமல் யாரும் விடமாட்டார்கள். போடுங்கள், ஆனால் இயல்பு தெரிந்து போடுங்கள். கற்றை கண்ணுக்குத் தெரிவது அதில் மிதக்கும் தூசியாலும் புகையாலும். பின்னால் இருட்டு இருந்தால்தான் தெரியும். வெளிச்சமான சுவரைத் தாண்டும்போது காணாமல் போய்விடும். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் வெள்ளைப் பட்டை அடித்தால் டார்ச் அடித்தது போலாகிவிடும்.

இதற்குக் கீழ்ப்பூச்சு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பிரஷ்ஷில் மிகக் குறைவாகப் பெயின்ட் எடுத்து, துணியில் துடைத்து, கிட்டத்தட்ட வறண்ட நிலையில் இருட்டின் மேல் லேசாகத் தேயுங்கள். வெள்ளையை மட்டும் மெலிதாக இருட்டின் மேல் தேய்த்தால் நீலம் பாரிக்கும். மாலை வெயிலுக்கு அது ஒத்துவராது. ஆக்கரும் துளி சியன்னாவும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு அருகே கொஞ்சம் அழுத்தம், கீழே வர வரக் குறைவு. ஓரம் எங்கேயும் கூர்மையாக வேண்டாம். அதிகமாகிவிட்டால் ஈரத்திலேயே விரலால் துடைத்துவிடலாம்.

கடைசியாகத் தூண்

இப்போது சிற்பம் வரையலாம். வெளிச்சம் படும் ஒரு தூணில் மட்டும் முழு நுணுக்கம், அடுத்ததில் பாதி, மற்றதில் விளிம்பு தெரிந்தால் போதும். வெள்ளையை இங்கேதான், வெயில் திட்டின் நடுவில் கெட்டியாக வையுங்கள். இருட்டை மெல்லிதாகவும் வெளிச்சத்தைத் தடிமனாகவும் வைப்பது பழைய வழக்கம். இருட்டுப் பகுதியில் பெயின்ட் மேடு கட்டினால் அது பளபளத்து இருட்டைக் கெடுக்கும்.

மண்டபத்தின் அளவு தெரிய ஒரு ஆள் வேண்டும். நீங்கள் நின்று வரைந்திருந்தால், தரையில் நிற்கும் உங்கள் உயரத்து ஆள் யாராக இருந்தாலும், பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும், தலை கண்மட்டக் கோட்டிலேயே இருக்கும். உட்கார்ந்து வரைந்திருந்தால் அந்தக் கோடு அவர்களின் இடுப்புக்கு வரும். வெயில் திட்டின் ஓரத்தில், பாதி நிழலில் ஒருவரை நிறுத்தினால் போதும். சுற்றுலா வந்த கூட்டத்தையே ஏற்றினால் படம் அவர்களுடையதாகிவிடும்.

காய வைப்பது

எண்ணெய் ஒவ்வொரு பூச்சிலும் முந்தையதைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் மேல்பூச்சு பின்னாளில் வெடிக்கும். நமக்கு ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. ஈரக்காற்றில் பெயின்ட் காய நாள் பிடிக்கும். கேன்வாஸின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். படத்தைச் சுவரோடு ஒட்டிச் சாய்க்காமல், பின்னால் காற்றுப் போக இரண்டு கட்டைத்துண்டு கொடுத்து வையுங்கள். வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது பொறுங்கள், அதுவும் மழையில்லாத நாளில். மேட் வார்னிஷ் இருட்டுகளைச் சாம்பல் பூத்ததாக்கும். முழுப் பளபளப்பு எதிர்ச் சன்னலைக் காட்டும். இரண்டையும் சரிபாதி கலந்து அடிக்கலாம். மாட்டும்போது சன்னலுக்கு நேர் எதிர்ச் சுவர் வேண்டாம், பக்கச் சுவரில் மாட்டுங்கள்.